882-ல் நிற்கும் முள்

ஏரிக்குள்ளிருந்து என் கடைக்கு வரும் ரேடியோவைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். இறால் வாடை அடிக்கும். பேட்டரி மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங் முழுக்கப் பச்சை பூத்திருக்கும். டயல் முள் ஒரே இடத்தில் நின்று நின்று அங்கேயே இறுகிப் போயிருக்கும். பெரும்பாலும் அந்த இடம் 720, இல்லாவிட்டால் 882.

720 சென்னை வானொலி. 882 இலங்கையின் புத்தளத்திலிருந்து வருவது. டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ அங்கே 400 கிலோவாட் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர் வைத்து நம் பக்கத்து மொழிகளில் கிறிஸ்தவ நிகழ்ச்சிகளை அனுப்புகிறது. தமிழும் உண்டு.

ஆரம்பாக்கத்தில் ரேடியோ, மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவன் நான். இப்போது பெரும்பாலும் செல்போன்தான் வருகிறது. என்னை ஊழியக்காரர் என்று யாராவது கூப்பிட்டால் கூச்சமாக இருக்கும். பிரசங்கம் பண்ணத் தெரியாது. சபையில் மைக் செட் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஆனாலும் பதினெட்டு வருஷமாக இருக்கம் தீவில் ஒரு நேயர் குழுவோடு உட்கார்ந்து வருகிறேன். இதே வேலையை வேறு ஏதோ ஒரு தீவிலோ குப்பத்திலோ யாராவது செய்துகொண்டிருப்பார்கள். நான் பண்ணின தப்புகளை அவர்கள் பண்ண வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

இருக்கம் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிறது. கணக்குப்படி ஆந்திரா, தடா மண்டலம். முன்பு நெல்லூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். வீட்டுப் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு தெலுங்கு, சாமான் வாங்கப் படகேறினால் இறங்குவது தமிழ்நாட்டு ஆரம்பாக்கம். ஏரி ரொம்ப ஆழமில்லை. பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். கோடையில் அதுவும் வற்றிப் படகு தரைதட்டும், இறங்கித் தள்ளத்தான் வேண்டும். அப்படித் தள்ளிக்கொண்டு போகிற நாளில் பூநாரைகள் கூட்டமாக நின்று நம்மை வேடிக்கை பார்க்கும்.

கிறிஸ்தவ வானொலி ஏன் கடல் தாண்டி வருகிறது என்று பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் தனியார் எஃப்.எம். உரிம விதிகளில் மத அமைப்புகளுக்கு இடமில்லை. அதனால் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலி 1970-ல் செஷல்ஸ் தீவுகளில் ஆரம்பித்தது. பவளத்திட்டின் மேலே, கடல் தண்ணீருக்குள்ளேயே ஏரியல் கம்பங்களை நட்டு சிற்றலையில், அதாவது ஷார்ட் வேவில், அனுப்பினார்கள். 2003-ல் அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியைக் கேட்பார்கள். 2018 ஜூன் மாதத்தோடு அதுவும் சிற்றலையை விட்டது. செஷல்ஸ், மணிலா, இலங்கை என்று எண்ணிப் பார்த்தால் எல்லாமே தீவு. தீவிலிருந்து பேசி இன்னொரு தீவில் கேட்பது. ஒவ்வொரு நிலையம் போகும்போதும் என் கடைக்கு நாலைந்து பேர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், ரிப்பேர் என்று. ரேடியோவில் ஒரு கோளாறும் இருக்காது. அதை அவர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம்.

நான் தீவுக்குப் போக ஆரம்பித்ததும் அப்படித்தான். ஒரு பெரியம்மா மூன்று தடவை ஒரே ரேடியோவைக் கொடுத்தனுப்பினார். 882 இரைகிறது என்றார். கடையில் வைத்தால் தெளிவாகக் கேட்கிறது. சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு சாயங்காலம் படகேறினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ரேடியோவுக்கு ஒரு முழம் மேலே மலிவான சி.எஃப்.எல். பல்பு, பக்கத்திலேயே செல்போன் சார்ஜர். இரண்டும் மீடியம் வேவில் கரகரப்பைக் கொட்டும். இரண்டையும் நிறுத்தினேன். ரேடியோவைத் தூக்கித் திண்ணையில் வைத்து மெதுவாகத் திருப்பினேன். உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் குச்சிதான் ஏரியல். அதன் முனை நிலையத்தைப் பார்த்தால் சத்தம் செத்துவிடும், அதன் நீளவாட்டம் பார்க்க வேண்டும். அதாவது ரேடியோவின் முகமோ முதுகோ தெற்கே பார்க்க வேண்டும். அவ்வளவுதான், குரல் வந்தது. பெரியம்மா சிரிக்கவில்லை. "இத்தினி நாளு பல்பாண்ட தோத்துக்கினு இருந்தமா?" என்றார்.

ரிசப்ஷன் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சபைக்காரர்கள் இதில்தான் பணத்தை வீணாக்குகிறார்கள். பெரிய ரேடியோ வாங்க வேண்டாம். மீடியம் வேவ் அலை இருட்டினபின் வானத்தில் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும், அதனால் ராத்திரியில் தூரத்து நிலையமும் சின்னப் பெட்டியில் கேட்கும். உப்புத்தண்ணீர் மேல் அலை நன்றாக ஓடும். ஏரி நடுவில் படகில் வைத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், வீட்டில் கேட்பதைவிட இரண்டு மடங்கு தெளிவு. சோலார் வைத்திருந்தால் கேட்கிற நேரத்துக்கு அதன் கண்ட்ரோலரைக் கழற்றிவிடுங்கள், மலிவானவை எல்லாம் இரையும். உப்புக்காற்றுக்கு ஸ்பிரிங் தாங்காது. மாதம் ஒரு தடவை பேட்டரி செல்லை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, துளி வாசலின் தடவுங்கள். கேட்காத நாட்களில் செல்லை உள்ளே விடாதீர்கள். இதைச் சொல்லிக் கொடுக்க ஊழியப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

அந்தத் திண்ணையில்தான் குழு ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு நாள், ஏழெட்டுப் பேர். அதில் பாதிப்பேர் மாரியம்மன் கோயிலுக்கும் போகிறவர்கள். அதை நான் ஒரு பிரச்சினையாக நினைத்ததில்லை. எங்கள் சபையில் சிலர் நினைத்தார்கள்.

அப்புறம் கெட்ட காலம் வந்தது. ஏரியில் இறால் வேண்டுமானால் முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். கடலில் பொரித்த இறால் குஞ்சு அந்த வழியாகத்தான் உள்ளே வந்து வளரும். மணல் மூடிவிட்டால் குஞ்சும் வராது, தண்ணீரும் கெடும். அந்த மாதிரி ஒரு வருஷத்தில் ஆண்கள் ராத்திரி முழுக்க வலை போட்டு வெறும் நண்டுக்குஞ்சோடு திரும்பினார்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் கிடைக்கிற கொஞ்சமும் அவர் சொன்ன விலைக்கே போகும். பெண்களுக்குக் குழு லோன், வாரத் தவணை. தவணை நாளன்று ஒரு வீட்டில் கட்ட முடியாவிட்டால் மற்ற பெண்கள் எல்லாரும் அந்த வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த வருஷம்தான் நான் ஒரு பெரிய தப்பு பண்ணினேன். செல் வாங்கப் பணம் வேண்டுமே என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு, திண்ணையில் ரேடியோ பக்கத்தில் வைத்தேன். கட்டாயம் இல்லை, மனமிருந்தால் போடுங்கள் என்றும் சொன்னேன். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் விழுந்தது. இரண்டு வாரத்தில் ஒரு அக்கா வருவதை நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் இன்னொருவர். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் படகுத்துறையில் அந்த அக்காவைப் பார்த்துக் கேட்டேன். "டப்பாவப் பாத்துக்கினே உக்காந்திருந்தா பாட்டு எங்கண்ணே காதுல ஏறுது" என்றார்.

அன்றைக்கே டப்பாவை எடுத்துவிட்டேன். செல் செலவை ஆரம்பாக்கத்தில் இரண்டு கடைக்காரர்களும் நானும் பிரித்துக்கொண்டோம். மாதம் எண்பது, நூறு ரூபாய்தான், பெரிய காரியமில்லை. இதற்காகப் போய்க் கடன்பட்டவர்கள் முன்னால் உண்டியல் வைத்தேனே என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மனமிருந்தால் என்று சொன்னால் போதும் என்று நினைப்பது கையில் பத்து ரூபாய் இருக்கிறவனின் நினைப்பு. அந்த அக்கா திரும்பி வர ஏழெட்டு மாதம் ஆனது.

இதைவிட மோசமானது ஒன்று நடந்தது. ஒரு நிகழ்ச்சியில், எது என்று சொல்லப் போவதில்லை, ஒரு வியாபாரி சாட்சி சொன்னார். கடனில் மூழ்கியிருந்தபோதும் காணிக்கை கொடுத்தாராம், மூன்றே மாதத்தில் கடன் எல்லாம் தீர்ந்ததாம். அடுத்த வாரம் குழுவிலிருந்த ஒரு தம்பி மூவாயிரம் ரூபாயை என் கையில் கொடுத்து அந்த விலாசத்துக்கு மணியார்டர் அனுப்பச் சொன்னான். ஏது பணம் என்று கேட்டேன். மனைவியின் கம்மலை அடகு வைத்திருக்கிறான். பணத்தை வாங்கிவிட்டேன், அனுப்பவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. ஊழியத்துக்கு வந்த காணிக்கையை மறிக்க நான் யார் என்று ஒரு பக்கம். மறுநாள் காலை முதல் படகில் போய் அவன் மனைவியிடமே கொடுத்தேன். அவன் என்னோடு சண்டை போட்டான். விசுவாசம் இல்லாதவன் என்றான். இருக்கலாம். கம்மல் திரும்பி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். நிகழ்ச்சி முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு அரைமணி நேரம் பேசுவோம். இப்போது கேட்டதில் எது நமக்குச் சரி, எது நம் ஊருக்கு ஒத்துவராது என்று வெளிப்படையாகவே பேசுவோம். பேதுரு ராத்திரி முழுக்க வலை போட்டும் மீன் கிடைக்காத கதை ஒரு நாள் வந்தது. எனக்குத் தெரிந்த பிரசங்கிகள் இதை எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் திண்ணையில் வந்த முதல் கேள்வி, "அவங்க ஏரிக்கும் முகத்துவாரம் அடைச்சிக்கிச்சா?" அன்றைக்குப் பேச்சு ராத்திரி பத்து மணி வரை போனது. வியாபாரியிடம் முன்பணம் வாங்காமல் நாலு வீடு சேர்ந்து நேராக ஆரம்பாக்கத்தில் விற்றால் என்ன என்பதும் அன்றைக்குத்தான் முதலில் வந்தது. ஆறு மாதம் நடந்தது, பிறகு நின்றுபோனது. பெரிய வெற்றிக்கதை எல்லாம் இல்லை.

கடிதம் எழுதுவதும் ஒரு பெரிய வேலை. வானொலிக்காரர்களுக்கு நேயர் கடிதம்தான் உயிர். யார் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கு வேறெப்படித் தெரியும்? தீவில் பெரியவர்கள் பலருக்கு எழுத வராது, பிள்ளைகள் சிலர் தடாவில் தெலுங்கு மீடியம். ஆகவே நான்தான் எழுத்தர். ஆரம்பத்தில் யார் என்ன சொன்னாலும் நானே மெருகு பூசி, உங்கள் நிகழ்ச்சி எங்களுக்கு மிகுந்த ஆசீர்வாதமாக இருக்கிறது என்று எழுதிவிடுவேன். ஒரு நாள் பெரியம்மா, எழுதினதைப் படித்துக்காட்டு என்றார். படித்தேன். "நான் சொன்னத எழுது தம்பி. நீ சொல்றதுக்கு நீ தனியா எழுதிக்கோ" என்றார். அவர் சொன்னது இதுதான்: நிகழ்ச்சி நடத்தும் அந்தத் தம்பி ரொம்ப வேகமாகப் பேசுகிறார், பொருளாதார நெருக்கடி என்று நாலு தடவை சொன்னார், அது என்ன என்று எனக்குப் புரியவில்லை. வியாபாரி கடன் என்றோ வட்டி என்றோ சொன்னால் புரியும்.

அப்படியே எழுதிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை அதே குரல், நிதானமாக, வட்டி, முன்பணம் என்று பேசியது. பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது, பாராட்டை எழுதுவதைவிட எந்த வார்த்தை புரியவில்லை என்று எழுதுங்கள். அந்தப் பக்கம் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறவருக்கு அதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

2020 ஊரடங்கில் படகு நின்றுவிட்டது. இறால் வாங்க ஆளில்லை. நானும் கடையைச் சாத்திவிட்டேன். 882 அவர்களுக்குக் கேட்கும், ஆனால் கேட்ட பிறகு பேசும் அரைமணி நேரம் போய்விட்டது. அதைத்தான் அதிகம் தேடினார்கள். வாரம் ஒருநாள் பெரியம்மாவின் பேரன் மிஸ்டு கால் கொடுப்பான், நான் திருப்பி அழைப்பேன், அவன் ஸ்பீக்கரில் போட்டுத் திண்ணையில் வைப்பான். அத்தியாவசியச் சாமான் ஏற்றிக்கொண்டு போகும் படகில் மெமரி கார்டுகள் கொடுத்தனுப்பினேன். ஒரு நிகழ்ச்சி அலுவலகத்தில் கேட்டபோது பழைய பதிவுகளைக் காசு வாங்காமல் கொடுத்திருந்தார்கள். மெமரி கார்டு போடும் சின்ன ஸ்பீக்கர் இப்போது குப்பத்துக்குக் குப்பம் இருக்கிறது. இதில் ஒரு வசதி, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் நன்றாக இருக்கும் ராத்திரிகளில் ஆண்கள் வலைக்குப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் அந்த வாரம் அவர்களுக்கு நிகழ்ச்சி தவறிவிடும். கார்டு வந்தபின் அவர்கள் கரையில் இருக்கிற நேரத்தில் போட்டோம். நான் முதலில் கேட்காத பதிவு எதையும் கார்டில் ஏற்றுவதில்லை. கம்மல் கதை ஒன்று போதும்.

எங்கள் சபைப் பையன் ஒருவன் அந்தச் சமயம் ஒரு யோசனை சொன்னான். ஆன்லைனில் சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கிடைக்கிறது அங்கிள், தீவில் வைத்துவிட்டால் நாமே நடத்தலாம் என்றான். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம் என்று சொன்னேன். யாருக்குத் தெரியப் போகிறது என்றான். கடை வாசலுக்கு வந்து கிழக்கே பாரடா என்றேன். அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் எங்கள் சன்னல் அதிரும். சந்திரனுக்குக் கிளம்பும் ராக்கெட்டோடு பேசுகிற ஊர்க்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கள்ள ரேடியோ நடத்த வேண்டுமா? பையன் சிரித்துவிட்டான். ஆனாலும் அவன் ஆசையில் தப்பில்லை. அவனை மெமரி கார்டு வேலையில் போட்டேன். இன்றைக்கும் அவன்தான் பார்க்கிறான்.

2022-ல் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு, டீசலுக்கு மைல் கணக்கில் வரிசை என்று செய்தி வந்தபோது, 882-ஐத் திருப்பும் ஒவ்வொரு மாலையும் எனக்குப் பயம்தான். பெரியம்மா அந்த வாரங்களில் ஜெபத்தில் புத்தளத்தைச் சேர்த்துக்கொண்டார். "நம்ம கஷ்டத்துக்கு அவங்க ஜெபம் பண்ணாங்க, இப்ப அவங்க மொற" என்றார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பாபட்லா பக்கம் கரையேறுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. கரண்ட் போனது, செல்போன் டவரும் போனது. ஆரம்பாக்கத்தில் என் கடைக்குள் முழங்கால் தண்ணீர். தீவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. படகு ஓட ஆரம்பித்த முதல் நாள், அன்றைக்கு டப்பாவுக்காக வராமல் போன அந்த அக்கா கடைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் மூன்று ரேடியோ, மேலே ஒரு பாலிதீன். பெரியம்மா வீட்டுத் திண்ணையில் அந்த இரண்டு ராத்திரியும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொன்னார். குழுவில் இல்லாதவர்கள்தான் அதிகம். காற்று எந்தப் பக்கம் போகிறது, எப்போது விடும் என்று சென்னை வானொலிதான் சொல்லியிருக்கிறது. மற்ற வீடுகளில் செல் இல்லை, இருந்த செல்லும் பொங்கிப்போயிருந்தது. மாதாமாதம் வாசலின் தடவின பெட்டிதான் பேசியிருக்கிறது.

கூடையிலிருந்த மூன்றும் பக்கத்து வீடுகளுடையது. தண்ணீர் புகுந்தவை. ஒன்றைத் திறந்து ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல முள்ளை 882-க்குத் திருப்பிச் சோதிக்கப் போனேன்.

"அத்தத் தொடாதண்ணே" என்றார் அக்கா. "720-ல வச்சிக்கினு இருக்காங்க. மானம் இன்னும் வெளுக்கல. அவங்களுக்கே தோணும்போது திருப்பிப்பாங்க."

முள்ளை அப்படியே விட்டு மூடியைப் போட்டேன்.